பெரட்டுக்களமும் புலனமும்

கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பீடோங், சுங்கைப் பட்டாணி என்று மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டப் பகுதிகளில் வளர்ந்தவர்களுக்கு ‘மங்கு’ எதுவென்று விளக்க வேண்டியதில்லை. பால்மரத்தின் வெட்டுக்கோட்டுக்குக் கீழே பால் வடிந்து நிறையும் கிண்ணம் அது. மலாய்க்காரர் கிண்ணத்தைச் சொல்லும் ‘மங்கோக்’ அதில் ஒலிக்கிறது. ரப்பரைக் குறிக்கும் அவர்களின் ‘கெத்தா’ நமக்குக் ‘கித்தா’. கிராமத்தைக் குறிக்கும் அவர்களின் ‘கம்போங்’ நமக்குக் ‘கம்பம்’. ஆங்கிலேயர் ‘லைன்’ என்று சொன்ன வரிசை வீடுகள் ‘லயம்’ ஆயின.

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்த சொல் பெரட்டுக்களம். விடியும் முன் ஆட்கணக்கு எடுக்கக் கூடுவதைக் குறித்த ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அது வந்தது. தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆகவே உகரம் சேர்ந்து பெரட்டு ஆயிற்று. அதனோடு ஏர்க்களத்தின், போர்க்களத்தின் களம் சேர்ந்தது. வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும் என்று நன்னூல் படிக்காதவர்கள்தாம் அந்தக் ‘க்’கன்னாவைப் பிசகாமல் உச்சரித்தார்கள். தமிழின் சொல்லாக்க விதி அவர்கள் நாவிலேயே இருந்தது.

ஆனால் அச்சேறும்போது இச்சொற்கள் பெரும்பாலும் வாசலில் நிறுத்தப்பட்டன. கதைமாந்தர் பேச்சுக்குள் வரலாம், கட்டுரையில் கூடாது. இந்தக் காவலைத் தளர்த்தியது கணினி. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு என்னும் தமிழ் மென்பொருள், பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்து, வீட்டிலிருந்தே தமிழில் எழுத வழிசெய்தது. 2003-இல் தமிழ் வலைப்பதிவுகள் தோன்றின. 2004-இல் வந்த தமிழ்மணம் என்னும் திரட்டி பல நாட்டுப் பதிவர்களை ஒரே பக்கத்தில் கூட்டியது. இடையில் பதிப்பாசிரியர் இல்லை. காலையுணவு உண்டதைப் ‘பசியாறினேன்’ என்று கெடாக்காரர் எழுதினால் மதுரைக்காரர் அப்படியே படித்தார். பதிவர், பின்னூட்டம், வலைப்பூ போன்ற சொற்கள் குழு கூடித் தீர்மானிக்காமல், எழுத எழுதவே ஊன்றின.

எந்தச் சொல் ஊன்றும், எது உதிரும் என்பதற்கு வாட்ஸ்அப்புக்கு வந்த தமிழ்ப் பெயர்கள் நல்ல சான்று. தமிழ்நாட்டில் சிலர் ‘கட்செவி அஞ்சல்’ என்றனர். கட்செவி என்பது பாம்புக்குப் பழம்பெயர், சொல்லும் நீளம். மலேசியாவில் நிலைத்தது ‘புலனம்’. பள்ளி அறிவிப்பிலும் கோயில் அழைப்பிலும் ‘புலனக் குழு’ என்று இயல்பாக எழுதுகிறோம். மரம் மரத்தில் ஆவதுபோல் அத்துச் சாரியை ஏற்று ‘புலனத்தில்’ என்று அது வளைந்து கொடுக்கிறது. நிலைத்ததற்கு அந்த வளைவே பெரிய காரணம் என்பேன்.

புலனத்தைப் பெருமையோடு சொல்லும் நாம் கித்தாவைச் சொல்ல ஏன் கூச வேண்டும்? இரண்டும் ஒரே இலக்கணத்தில் விளைந்தவை. ‘மண்புழுக்கள்’ நாவலில் தோட்ட வாழ்வை எழுதிய சீ. முத்துசாமியும், லூனாஸில் பிறந்த ம. நவீனும் அந்தக் கூச்சமின்றி எழுதியவர்கள். நவீன் நடத்தும் வல்லினம் அச்சிதழாகத் தொடங்கிப் பின் இணையத்துக்கு வந்ததால், தோட்டத்து மொழி கடல் கடந்தும் வாசிக்கப்படுகிறது.

புலனத்துக்குள் இருக்கும் புலன் என்ற சொல்லுக்கு, ஐம்புலன் என்னும் பொருளைத் தவிர, வேறொரு பொருளும் உண்டு. தொல்காப்பியம் செய்யுளியல் கூறும் எட்டு வனப்புகளில் ஒன்று புலன். சேரிமொழியால், ஆராய்ந்து பார்க்கத் தேவையின்றி விளங்கும்படி அமைவது அது. அந்த இலக்கணப்படி, பழைய பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் வெட்டுக்கோட்டில் உறைந்த ஒட்டுப்பால் உரித்த கதையைக் குரல்பதிவாகப் பேரனுக்கு அனுப்பினால் அது முழுமையான புலன். கித்தாக் காடுகள் பல செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன; செம்பனையில் மங்குக்கு வேலையில்லை. ஆகவே பேரன் அந்தக் குரல்பதிவைக் கேட்டுவிட்டு அழிக்காமல், தாத்தா சொன்ன சொல்லிலேயே தட்டெழுதி வைக்கட்டும்: மங்கு, பால் சுமந்த காண்டா வாளி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை, பெரட்டுக்களம்.