லெனார்ட், ஜேசன் (பி. 1968)
இங்கிலாந்து ரக்பி யூனியன் ஆட்டக்காரர். ஸ்க்ரம்மின் முன்வரிசையில் இடம், வலம் இரு ஓரங்களிலும் ஆடிய ப்ராப். லண்டனின் பார்க்கிங் பகுதியில் பிறந்தவர்; தொழிலால் தச்சர். சாரசன்ஸ், ஹார்லெக்வின்ஸ் கழகங்களுக்கு ஆடினார். முதல் டெஸ்ட் 1990-இல், புவனோஸ் ஐரிஸில், அர்ஜென்டினாவுக்கு எதிராக. 1992-இல் கழுத்தெலும்பு வட்டு சிதைந்து, இடுப்பெலும்புத் துண்டு வைத்து அறுவை சிகிச்சை நடந்தது. அவ்வாண்டே அணிக்குத் திரும்பினார். இங்கிலாந்துக்கு 114, பிரிட்டிஷ் அண்டு ஐரிஷ் லயன்ஸுக்கு 5 என மொத்தம் 119 டெஸ்டுகள். அடித்த ட்ரை ஒன்றே (1996). முட்டித் தள்ளுவதே பணியான இடத்தில் இது குறையன்று. 2003 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் ஸ்க்ரம்முக்கு எதிராகப் பெனால்டிகள் தொடர்ந்தன. கூடுதல் நேரத்தில் ஃபில் விக்கரிக்கு மாற்றாக இறங்கிய லெனார்ட், அதை நிலைப்படுத்தினார். ஆஸ்திரேலியா 20-17 எனத் தோற்றது. 2004-இல் ஓய்வு பெற்றார். 2015-16-இல் இங்கிலாந்து ரக்பி சங்கத் தலைவர்.