மரத்தை வெட்ட ஆள் வந்த பிறகுதான் நமக்குத் தெரியணுமா?

சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர்... டெல்லியில் மத்திய அரசு வேலை பார்த்த தமிழர்களுக்குப் பழகிய பெயர்கள். தாழ்வான குவார்ட்டர்ஸ், நடுவே புல்வெளி, தெருவெல்லாம் வேம்பு. இவை உட்பட ஏழு குடியிருப்புகளை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் கட்ட 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 12,970 வீடுகள் இருந்த இடத்தில் 25,667 வீடுகள். மதிப்பீடு 32,835 கோடி ரூபாய். இந்தப் பணம் எங்கிருந்து வரும்? அதே நிலத்தில் வணிக வளாகமும் அலுவலகங்களும் கட்டி விற்று!

2018 ஜூனில் மரங்கள் விழ ஆரம்பித்த பிறகுதான் ஊரே விழித்துக்கொண்டது. மொத்தம் 14,000-க்கும் அதிகமான மரங்கள் போகும் என்றார்கள். மக்கள் சரோஜினி நகரில் கூடி, சிப்கோ பாணியில் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். டெல்லி உயர் நீதிமன்றமும், வீடு கட்டுவதற்காக இத்தனை மரங்களை இழக்க இந்த நகரத்தால் முடியுமா என்று கேட்டு வெட்டுவதை நிறுத்தியது.

இத்தனைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கித்தான் வேலையைத் தொடங்கினார்கள். அப்புறம் எப்படி யாருக்குமே தெரியாமல் போச்சு?

விஷயம் 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இருக்கிறது. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டாலே முன்அனுமதி கட்டாயம். ஆனால் சுரங்கம், அனல்மின் நிலையம் போன்றவற்றுக்கு நடக்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம், கட்டடங்களுக்கும் டவுன்ஷிப்களுக்கும் கிடையாது. விலக்கு கொடுத்துவிட்டார்கள். நிபுணர் குழு காகிதங்களைப் பார்க்கும். பக்கத்துத் தெருக்காரரைக் கூப்பிட்டுக் கேட்காது. நகரத்தில் வீட்டை ஒட்டி எழும் திட்டத்துக்குத்தான் வாய் திறக்க வழியில்லை என்பது என்ன நியாயமோ!

இன்னொரு சிக்கல், துண்டு துண்டாகப் பார்ப்பது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனித்தனியாக அனுமதி வாங்கினால், ஒவ்வொன்றின் கணக்கும் சமாளிக்கக்கூடியதாகவே தெரியும். ஆனால் கார்கள் எல்லாம் அதே ரிங் ரோட்டில்தானே வந்து சேரும்? தண்ணீரும் சாக்கடையும் அதே குழாயில்தானே? ‘ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று’ என்ற ஈட்டுக் கணக்கும் இப்படித்தான். கன்று நகரத்தின் வேறு மூலையில் நடப்படும். நிழல் போனது இந்தத் தெருவில்.

உங்கள் பகுதியில் இப்படி ஒரு திட்டம் வருகிறதா? மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்க. விண்ணப்பம் அங்கே இருக்கும். அதில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. ‘நகராட்சி வழங்கல்’ என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால், குடிநீர் வாரியம் உறுதிக் கடிதம் கொடுத்ததா என்று தேடுங்க. அடுத்து, போக்குவரத்துக் கணக்கெடுப்பு எந்த நாளில் எடுத்தது என்று பாருங்க. விடுமுறை நாளில் எண்ணினால் ரோடு காலியாகத்தான் இருக்கும். மரங்களின் எண்ணிக்கையை நீங்களே நடந்து போய் சரிபார்க்கலாம். குறை இருந்தால், மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு எழுத்தில் அனுப்புங்க. கூட்டம் இல்லை என்பதற்காக மனு எழுதக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை.

அனுமதி கிடைத்துவிட்டால் ஏழு நாள்களுக்குள் உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் தரச் சொல்வது வழக்கமான நிபந்தனை. எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் வரும், தவறவிடாதீங்க. பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால், அதிகபட்சம் இன்னும் 60 நாள்.