விதியா, திட்டமா?

நோய் என்றதும் நம் நாட்டில் முதலில் அழைக்கப்படுவது விதி, அடுத்து மந்திரம், கடைசியிலேதான் மருத்துவர்! இவ்வரிசை தலைகீழாக மாறவேண்டும் என்பதற்கு நீரிழிவின் வரலாற்றைவிடச் சான்று வேண்டுமோ?

இன்சுலின் கிடைக்காத காலத்தில், இளம் வயதில் இந்நோய் கண்ட பிள்ளைகள் மடிந்தனர். அன்று வேண்டுதலுக்குப் பஞ்சமில்லை, பயன்தான் இல்லை. 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் ஆய்வில் இறங்கினர். 1922 சனவரியில், சாவின் வாயிலில் கிடந்த 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது, பிழைத்தான். 1923-இல் கண்டறிந்தோர் தலைக்கு ஒரே டாலர் பெற்று, உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினர். அறிவு அருளிய கொடை அது!

ஆனால் மருந்து மட்டும் போதுமா? பசிபிக் கடலிலே நவ்ரு என்றொரு தீவு. பரப்பு 21 சதுரக் கிலோமீட்டர். பாஸ்பேட் மண்ணை விற்றுப் பணம் குவித்தது. மீனும் தேங்காயும் உண்ட மக்கள், கப்பலில் வந்த சர்க்கரைக்கும் மாவுக்கும் டப்பா இறைச்சிக்கும் மாறினர், உழைப்பும் குறைந்தது. 1975-இல் ஆய்ந்தபோது, வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு நீரிழிவு! செல்வம் வந்தது, நலத்திட்டம் உடன் வரவில்லை.

அத்தீவு எங்கோ இருக்கிறதென்று நாம் இருந்துவிடலாமா? இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை மண்டியிலே கணக்கெழுதுவோரை மட்டுமல்ல, மூட்டை சுமப்போரையும் அது தீண்டும். காலில் புண் கண்டால் கணக்கர் விடுப்பு எடுப்பார். சுமப்பவர் கூலி இழப்பார், குடும்பம் பட்டினி காணும். 'பணக்காரன் நோய்' என்ற பழம்பேச்சு இனி எடுபடுமா?

தமிழகம் வாளாவிருக்கவில்லை. 1948-இலேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு கண்டார். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள், முன்னாள் சேலம் மாவட்டத்தின் பகுதியான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிற்று. நோயாளி மருந்தைத் தேடி அலைந்த நிலை மாறி, மருந்து அவர் வீட்டு வாயிலை நாடிச் சென்றது. கூலியை இழந்து வரிசையில் நிற்க இயலாத ஏழைக்கு இதன் அருமை புரியும்.

எனினும் திட்டம் தீட்டுவது அரசின் கடமை. அதை வாழவைப்பது மக்களின் விழிப்பு. தாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவோர் இன்னும் உளர். தோழர்களே, அவர்களை ஏளனம் செய்யாதீர், அருகமர்ந்து விளக்குவீர். பரிசோதனைக்கு அழைத்துச் செல்வீர். காலையும் கண்ணையும் காப்பது சர்க்கரையின் அளவை அறிந்து நடப்பதே என்று கூறுவீர். விதியை வெல்லும் வழி அதுவே!