மடி, தூளி, கார் இருக்கை: குன்னத்தூர் வட்டாரத்தில் கைக்குழந்தையின் பயணமும் உறக்கமும்

குன்னத்தூர், திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளி வட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி. 2009 பிப்ரவரியில் திருப்பூர் மாவட்டம் உருவாகும்வரை ஈரோடு மாவட்டத்தின் பெருந்துறை வட்டத்தில் இருந்தது. திருப்பூர், அவிநாசி, கோபி, பெருந்துறை ஆகிய ஊர்களுக்கு நடுவில் இருப்பதால் எந்த வேலைக்கும் சாலையில் இறங்கியே ஆகவேண்டிய ஊர். காலையிலும் மாலையிலும் பனியன் கம்பெனி வேன்கள் சுற்றுவட்டக் கிராமங்களுக்குள் வந்து போகின்றன. கைக்குழந்தையும் இந்தப் பயணங்களுக்கு விலக்கல்ல. பிரசவம் முடிந்து தாய்வீட்டிலிருந்து திரும்புவது, தடுப்பூசி, குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து என்று முதல் ஆண்டிலேயே அது பல நூறு கிலோமீட்டர் போய்விடுகிறது. பெரும்பாலும் தூங்கிக்கொண்டே போகிறது. அந்தத் தூக்கம் எங்கே நடந்தது, இப்போது எங்கே நடக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தூளியும் வண்டியும்

பழைய ஏற்பாட்டில் உறங்கும் இடமும் பயணிக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டு விட்டத்தில் கட்டிய சேலைத் தூளி, காட்டுவேலைக்குப் போகும் நாளில் வேப்பமரக் கிளைக்கு மாறும். தறிக் கொட்டகையில் தறிக்குப் பக்கத்திலேயே தொங்கும். நூல் சுற்றும் பெண் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு ஆட்டிவிடுவாள். தரையில் ஊரும் தேளும் பூரானும் எட்டாது, கீழிருந்து காற்று வரும், பழைய நூல்சேலை வியர்வையை உறிஞ்சும். வேலையையும் குழந்தையையும் ஒரே ஆள் பார்க்கவேண்டியிருந்த குடும்பங்களுக்கு இதைவிடச் சிக்கனமான கருவி இல்லை. பயணம் என்றால் கூண்டு வண்டி. வைக்கோல் பரப்பி மேலே சமுக்காளம் விரித்து, தாயின் மடியில் குழந்தை. மாடு நடக்கும் வேகத்தில் கவிழ்ந்தால்கூடக் காயம் சிறியதாகவே இருக்கும். மடி போதுமான பாதுகாப்பு என்ற நம்பிக்கை இந்த வேகத்தில் உருவானது. அந்த வேகத்துக்கு அது தவறும் அல்ல.

தொட்டிலைச் சுற்றிச் சடங்குகளும் இலக்கியமும் வளர்ந்தன. பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலிலிட்டுத் தாலாட்டினார். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் தாலப்பருவம் ஒன்று. தாய்மாமன் தொட்டில் சீர் கொண்டுவருவது பல சமூகங்களில் இன்றும் உண்டு. குழந்தை வேண்டிக் கோயில் மரத்தில் சிறு தூளி கட்டுவதும் நிற்கவில்லை.

தூளியைப் போற்றுபவர்கள் சொல்லாமல் விடும் பக்கமும் ஒன்றுண்டு. துணிக்குள் குழந்தையின் உடல் வளைந்து கிடக்கும், தாடை மார்பில் படியலாம். புரளவும் எழுந்து உட்காரவும் தெரிந்த குழந்தை அதிலிருந்து விழலாம். வளர்ந்த பிள்ளைகள் ஊஞ்சலாக்கி விளையாடும்போது கழுத்து முறுக்கிக்கொண்ட துயரங்கள் நடந்திருக்கின்றன. எப்போதும் அருகில் ஓர் ஆள் இருப்பார் என்ற நிபந்தனையின் மேல்தான் தூளி நின்றது.

கம்பெனியும் குழந்தையும்

பின்னலாடைத் தொழில் அந்த நிபந்தனையை உடைத்தது. 1980களில் திருப்பூரின் ஏற்றுமதி விரிவடைந்தபோது சுற்றுவட்டக் கிராமப் பெண்கள் கூட்டங்கூட்டமாகக் கம்பெனி வேலைக்குப் போனார்கள். தையல் இயந்திரங்களின் வரிசைக்கு நடுவே தூளி கட்ட இடமில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் செய்த திருத்தம் அந்த எண்ணிக்கையை 30 ஆகக் குறைத்தது. 1961-இன் மகப்பேறு நலச் சட்டம் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை தந்தது. 2017-இன் திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கி, 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. ஆனால் திருப்பூரின் வேலை பெரிய ஆலைகளில் மட்டும் நடப்பதல்ல. காஜா, பட்டன், செக்கிங், பேக்கிங் எனப் பிரிந்து சிறு சிறு ஜாப் ஒர்க் கூடங்களில் நடக்கிறது. சட்டம் சொல்லும் எண்ணிக்கையை எட்டாத கூடங்களே மிகுதி. ஆகவே காப்பகத்தின் வேலையை ஆத்தாவும் அம்மாயியும் செய்தார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் லயத்துக்கு அருகே இருந்த பிள்ளை மடுவம் போன்ற ஒரு பொது இடம் இங்கே உருவாகவில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. அயல்நாட்டுக் குழந்தைகள் உறங்கும்போது அணியும் பருத்தி உடைகள் திருப்பூரில் தைக்கப்படுகின்றன. அமெரிக்கா 1970களின் தொடக்கத்திலேயே குழந்தைகளின் இரவு உடை எளிதில் தீப்பற்றக்கூடாது என்று விதித்தது. 1996-இல் 9 மாதம் வரையான அளவுகளுக்கும், உடலோடு ஒட்டிய உடைகளுக்கும் விலக்கு அளித்தது. அந்த அளவுகளைச் சென்டிமீட்டர் பிசகாமல் இங்குள்ள தையலர்கள் அறிவார்கள். அவர்களின் சொந்தக் குழந்தை வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் எப்படிப் பயணிக்கவேண்டும் என்று சொல்லும் விதி பல பத்தாண்டுகள் வரவே இல்லை.

வேகம் மாறியது

1980-இல் வந்த டிவிஎஸ் 50, இருவர் செல்லக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட். கொங்கு நாட்டின் பால் கேனும் புல்லுக்கட்டும் அதில் ஏறின, குடும்பமும் ஏறியது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் செருகிய குழந்தை, முன்னால் நிற்கும் மூத்தது என்ற காட்சி அன்றிலிருந்து மாறவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பின்னர் வந்த கடனும் ஏற்றுமதி வருமானமும் காரைச் சிற்றூர் வாசலுக்குக் கொண்டுவந்தன. குன்னத்தூரிலிருந்து தெற்கே செங்கப்பள்ளி போனால் சேலம்–கொச்சி நெடுஞ்சாலை. அங்கே கார் 80, 100 கிலோமீட்டரில் ஓடுகிறது. உள்ளே குழந்தை மட்டும் கூண்டு வண்டிக் காலத்து மடியிலேயே இருக்கிறது.

கணக்கு எளியது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 8 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த சராசரியாக 110 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தூக்கும் விசை வேண்டும். எந்தத் தாயின் கையாலும் அது முடியாது. பெல்ட் போடாத தாய் என்றால் அவளுடைய உடலே குழந்தையை முன்னிருக்கையில் நசுக்கும். பெல்ட்டைத் தனக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்வதும் அதேபோல் ஆபத்தானது.

மேலை நாடுகளும் இதை உடனே உணர்ந்துவிடவில்லை. 1940களில் அமெரிக்காவில் விற்ற கார் இருக்கை, கம்பிச் சட்டத்தில் கட்டிய கித்தான் பை. சிலவற்றில் விளையாட்டு ஸ்டீயரிங் இருக்கும். குழந்தை வெளியே பார்க்கவேண்டும், ஓட்டுநரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதே நோக்கம். பாதுகாப்புக்கான இருக்கை 1960களில்தான் வந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் பெர்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் விசையை முதுகு முழுவதிலும் தாங்கும்படி சாய்ந்திருப்பதைக் கண்டு, குழந்தையைப் பின்னோக்கி உட்காரவைக்கும் இருக்கையை 1960களின் நடுவில் உருவாக்கினார். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால்பங்கு தலை. கழுத்தோ வலுவற்றது. முன்னோக்கி உட்கார்ந்தால் மோதலில் தலை மட்டும் எறியப்படும். பின்னோக்கி உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் ஓடு சேர்த்துத் தாங்கும்.

சட்டத்தின் வரலாற்றில் கவனிக்கவேண்டிய இடம் அமெரிக்காவின் டென்னசி மாநிலம். குழந்தை மருத்துவர் ராபர்ட் சாண்டர்சின் முயற்சியால், 1978 ஜனவரி 1 முதல் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் அது. ஆனால் சட்டம் நிறைவேறும்போதே ஒரு விலக்கும் நுழைந்தது: பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் வைத்திருந்தால் இருக்கை வேண்டாம். எதிர்த்தவர்கள் அதைக் குழந்தையை நசுக்கும் திருத்தம் என்று அழைத்தார்கள். 1981-இல்தான் அந்த விலக்கு நீங்கியது. தாயின் கையே பாதுகாப்பு என்ற எண்ணம் நம்முடைய பின்தங்கிய பழக்கம் என்று நினைப்பவர்கள் இந்த மூன்றாண்டுப் போராட்டத்தை அறிந்துகொள்ளலாம். 1985-க்குள் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் குழந்தை இருக்கைக்கான ஏஐஎஸ்-072 என்ற தரநிலை முதலில் வந்தது. அதைப் பயன்படுத்தக் கட்டாயப்படுத்தும் சட்டம் பின்னால் வந்தது. மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 2019 சேர்த்த 194-பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பாதுகாக்காமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. தமிழ்நாடு அரசு புதிய அபராதத் தொகைகளை 2022 அக்டோபரில் அறிவித்தது. தலைக்கவசத்துக்கு வண்டியை மறிப்பது சாலையில் தினமும் காணும் காட்சி. குழந்தை மடியில் இருப்பதற்காக மறிப்பது அரிது.

இரு சக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2022 பிப்ரவரி 15-இல் தனி விதி வெளியிட்டது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் வார் உடுப்பு வேண்டும். அது 30 கிலோ வரை தாங்கவேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரையான குழந்தைக்குத் தலைக்கவசம் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. ஓராண்டு அவகாசத்துக்குப் பின் இது நடைமுறைக்கு வந்தது. நைலான் துணி, நுரை அட்டை, வார், தையல் இவ்வளவுதான் அந்த உடுப்பு. திருப்பூர் வட்டாரம் நினைத்தால் ஒரு வாரத்தில் மாதிரி தைத்துவிடும். இருந்தும் உள்ளூர்க் கடைகளில் அது கண்ணில் படுவதில்லை. தலை நிற்காத கைக்குழந்தைக்கு இந்த வாரும் போதாது. அந்த வயதில் பேருந்தோ காரோதான் நல்லது.

இருக்கையைத் தேர்தல்

பழைய ஐரோப்பிய விதி எடையைக் கொண்டு பிரித்தது: பிறப்பு முதல் 13 கிலோ, 9–18 கிலோ, 15–25 கிலோ, 22–36 கிலோ. 2013-இல் வந்த ஆர்129 விதி உயரத்தைக் கணக்கில் எடுத்தது, 15 மாதம் வரை பின்னோக்கியே உட்காரவேண்டும் என்றும் சொன்னது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இன்னும் மேலே போய், இருக்கையின் எடை, உயர வரம்பை எட்டும்வரை பின்னோக்கியே வைக்கச் சொல்கிறது. கால் மடங்குகிறதே என்று பாட்டிமார் கவலைப்படுவார்கள். மடங்கிய காலைவிடக் கழுத்து முக்கியம்.

நம் ஊரில் பெரிய சிக்கல் வண்டிக்கும் இருக்கைக்கும் பொருத்தம். ஐசோபிக்ஸ் கொக்கி பழைய கார்களில் இருக்காது. அப்போது பெல்ட்டால் கட்டும் இருக்கை வேண்டும். பின்னிருக்கை பெல்ட்டின் நீளம் போதுமா என்று சொந்தக் காரில் கட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுக்கவேண்டும். கட்டியபின் அடிப்பாகத்தை அசைத்தால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் ஆடக்கூடாது. தோள் வாரை விரல்களால் கிள்ளினால் மடிப்பு பிடிபடக்கூடாது. காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்கக்கூடாது, விரியும் பை ஓட்டையே தாக்கும். உறவினர் கொடுக்கும் பழைய இருக்கையை வாங்குமுன் அந்தக் கார் விபத்தில் சிக்கியதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனை, 18 மாத, 3 வயதுக் குழந்தைப் பொம்மைகளை வைத்தும் கார்களை மதிப்பிடுவதால், புதிய கார் வாங்குவோர் அந்த மதிப்பெண்ணையும் பார்க்கலாம்.

தூக்கத்தின் கணக்கு

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி முதல் மூன்று மாதம் நாளுக்கு 14–17 மணி நேரமும், 4 முதல் 11 மாதம் வரை பகல் தூக்கம் சேர்த்து 12–16 மணி நேரமும், ஒன்று முதல் இரண்டு வயது வரை 11–14 மணி நேரமும் உறக்கம் தேவை. ஆறு மாத வாக்கில் மூன்றாக இருக்கும் பகல் தூக்கம் பிறகு இரண்டாகி, ஒன்றரை வயதை ஒட்டி ஒன்றாகும். பயண நேரத்தை இதற்கேற்ப வைத்துக்கொண்டால் பாதி அழுகை குறையும். அதே வழிகாட்டுதல், குழந்தையை ஒரே நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிய நிலையில் வைக்கவேண்டாம் என்றும் சொல்கிறது. பழநிக்கோ சேலத்துக்கோ போகும்போது நடுவில் நிறுத்தி, வாரை அவிழ்த்து, பால் கொடுத்து, மறுபடி கட்டவேண்டும். பசிக்கிறதென்று ஓடும் காரில் வாரை அவிழ்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அந்தப் பத்து நிமிடம்தான் குழந்தை முழுவதும் காப்பற்றுப் போகும் நேரம்.

கார் இருக்கை தூங்குமிடம் அல்ல. ஓடும் காரில், சரியான சாய்வில், வார் இறுக்கமாக இருக்கும்போது குழந்தை அதில் தூங்கலாம். வீட்டுக்குள் கொண்டுபோய் அப்படியே கூடத்தில் வைத்துவிட்டால் சாய்வு மாறி, தலை முன்னால் தொங்கி, மூச்சுப்பாதை மடங்கும். பழைய தூளியின் குறையும் இதே வளைவுதான். இறங்கியதும் தட்டையான, அமுங்காத படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைக்கவேண்டும். தூங்குகிறதே என்று நிறுத்திய காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போவது இன்னும் கொடியது. வெயிலில் நிற்கும் காரின் சூடு முதல் அரை மணிக்குள்ளேயே பெரும்பகுதி ஏறிவிடும், கண்ணாடியைச் சற்று இறக்கிவைப்பது பெரிதாக உதவாது. சித்திரை வெயிலில் இருக்கையின் இரும்புக் கொக்கியே தொடையைச் சுடும். கட்டுவதற்கு முன் கையை வைத்துப் பார்க்கவேண்டும்.

வண்டி நின்றவுடன் குழந்தை விழித்துக்கொள்வதுதான் எல்லாத் தாய்மாரும் சொல்லும் குறை. ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனம் 2022-இல் 21 குழந்தைகளிடம் இதைச் சோதித்தது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் பல குழந்தைகள் உறங்கின. உடனே கிடத்தினால் விழித்தன. தூங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் கையிலேயே வைத்து உட்கார்ந்திருந்து, பிறகு கிடத்தினால் உறக்கம் தொடர்ந்தது. காரிலிருந்து எடுத்ததும் திண்ணையில் அந்த எட்டு நிமிடம் உட்கார அம்மாயியை விடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.