மகனின் படங்கள், தந்தையின் நாற்காலி

மனைவிக்கோ கணவருக்கோ துரோகம் செய்தவர் உயர்பதவிக்குத் தகுதியானவரா என்ற விவாதம் வந்தால் உடனே அமெரிக்காவின் பில் கிளின்டனை இழுத்து வருகிறோம். 1998ல் அங்கே பிரதிநிதிகள் சபை அவர்மீது பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. 1999 பிப்ரவரியில் செனட் அவரை விடுவித்தது. இதெல்லாம் நமக்குத் தெரியும். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் டெல்லியில் நடந்ததை நம்மில் பலர் மறந்துவிட்டோம். அங்கே உறவு மகனுடையது, விலை கொடுத்தவர் தந்தை. அந்தத் தந்தை பாபு ஜெகஜீவன் ராம்.

பீகாரின் சந்த்வா கிராமத்தில் 1908ல் சமார் குடும்பத்தில் பிறந்தவர். 1946 இடைக்கால அரசில் தொழிலாளர் துறை அமைச்சர். பசுமைப் புரட்சிக் காலத்தில் உணவு, வேளாண் துறை அவரிடம் இருந்தது. 1971 வங்கதேசப் போரின்போது பாதுகாப்பு அமைச்சர். 1977 பிப்ரவரியில் காங்கிரசை விட்டு வெளியேறி, இந்திரா காந்தியின் தோல்விக்குப் பெரிய காரணமானார். ஜனதா வென்றது. பிரதமர் பதவிக்கு மொரார்ஜி தேசாய், சரண் சிங், ஜெகஜீவன் ராம் என மூன்று பெயர்கள் இருந்தன. மருத்துவமனையில் இருந்த சரண் சிங் மொரார்ஜிக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்தார். நெருக்கடி நிலைத் தீர்மானத்தை மக்களவையில் கொண்டுவந்தவர் ஜெகஜீவன் ராம் என்பது அவருக்கு எதிராகச் சொல்லப்பட்ட காரணம். நியாயமான காரணம்தான். அது அவர் பதவியில் இருந்து செய்த காரியம்.

1978ல் ‘சூர்யா’ என்ற பத்திரிகை சில படங்களை வெளியிட்டது. அதன் ஆசிரியர் மேனகா காந்தி. படங்களில் இருந்தவர்கள் ஜெகஜீவன் ராமின் மகன் சுரேஷ் ராமும் டெல்லியில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணும். சுரேஷ் ராம் மணமானவர். தங்களைக் கடத்திச் சென்று மிரட்டி எடுத்த படங்கள் என்று அவர் சொன்னார். யார் எடுத்தார்கள், யார் கைமாற்றினார்கள் என்பதில் ஜனதா கட்சிக்குள் இருந்தவர்களின் பெயர்களே அடிபட்டன. ஆக, கட்சிக்குள் இருந்த போட்டியாளர்களுக்கும் வெளியே இருந்த இந்திரா குடும்பத்துக்கும் ஒரே நேரத்தில் பயன்பட்ட படங்கள் அவை.

அன்றைய சட்டப்படி பார்ப்போம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, இன்னொருவன் மனைவியோடு அவள் கணவனின் சம்மதமின்றி உறவு கொண்ட ஆணை மட்டுமே தண்டித்தது. பெண்ணைக் கணவனின் உடைமையாகப் பார்த்த சட்டம் அது. 2018ல்தான் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மணமான ஆண் மணமாகாத பெண்ணோடு உறவு வைப்பது அப்போதும் குற்றமில்லை. குற்றமே இல்லாத ஒன்றுக்காக, அதுவும் மகன் செய்ததற்காக, தந்தையின் தகுதி கேள்விக்குள்ளானது.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அந்தப் படங்களால் மட்டுமே ஜெகஜீவன் ராம் பிரதமராகவில்லை என்று சொல்வது வரலாறு ஆகாது. கதவு 1977லேயே ஒருமுறை மூடிவிட்டது. படங்கள் வருவதற்குச் சில மாதங்கள் முன், 1978 ஜனவரியில், வாரணாசியில் சம்பூர்ணானந்தின் சிலையைத் திறந்து வைத்தார். அவர் போனபின் சாதி இந்து மாணவர்கள் அந்தச் சிலையைக் கங்கை நீரால் கழுவினார்கள். நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் தொட்டதால் தீட்டு! 1979 ஜூலையில் மொரார்ஜி அரசு விழுந்தது. சரண் சிங் பிரதமராகி, நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே ஆகஸ்ட் 20ல் விலகினார். அப்போது ஜனதா நாடாளுமன்றக் கட்சித் தலைவர் ஜெகஜீவன் ராம். ஆட்சி அமைக்க உரிமை கோரினார். குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி அவருக்கு வாய்ப்புத் தராமல் ஆகஸ்ட் 22ல் மக்களவையைக் கலைத்தார். 1980 தேர்தலில் அவரையே பிரதமர் வேட்பாளராக முன்னிறுத்திய ஜனதா 31 இடங்களோடு சுருங்கியது.

எனவே படங்கள் தனிக் காரணம் அல்ல. ஆனால் அவை செய்த வேலை ஒன்று உண்டு. “ஒரு தலித் பிரதமராக வேண்டாம்” என்று 1978ல் எந்தத் தலைவரும் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. “அந்தக் குடும்பத்தின் ஒழுக்கம் சரியில்லை” என்று சொல்ல முடியும். தீட்டு என்ற சொல்லுக்குப் பதில் ஒழுக்கம் என்ற சொல் வந்து உட்கார்ந்தது.

இந்த ஒழுக்கத்தின் வயது என்ன என்றும் கேட்க வேண்டும். இந்து ஆணுக்கு ஒரு மனைவிதான் என்பது நாடு முழுவதற்குமான சட்டமானது 1955ல். அதற்கு முன் அதை இந்து சட்டத் தொகுப்பு மசோதாவில் வைத்துப் போராடியவர் அண்ணல் அம்பேத்கர். சனாதனிகள் எதிர்த்தார்கள். குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தும் எதிர்த்தார். மசோதா முடக்கப்பட்டதால் 1951ல் அண்ணல் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். பலதார மணம் தர்மம் என்று வாதாடிய சமூகம், கால் நூற்றாண்டுக்குள் ஒரு தலித் தலைவரின் மகனிடம் ஏகபத்தினி விரதம் கேட்டது. பண்ணையார்கள் நம் பெண்களை என்ன செய்தார்கள் என்பதை எந்தப் பத்திரிகையும் அட்டைப்படமாக்கியதில்லை. அதற்கு ஒழுக்கக்கேடு என்று பெயர் வைக்கக்கூட யாரும் இல்லை.

அப்படியானால் ஆண்கள் எது செய்தாலும் சொந்த விஷயம் என்று விட்டுவிடலாமா? கூடாது. குடும்பச் சிக்கலோடு வரும் பெண்களோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்: துரோகம் வலிக்கும், வாழ்க்கையைக் குலைக்கும். ஆனால் அதற்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை அந்த மனைவிக்கு உண்டு, கட்சிப் போட்டியாளனுக்கு இல்லை. சுரேஷ் ராமின் மனைவியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மாணவியின் உடல் நாடு முழுக்க விற்கப்பட்டது. பெண்களின் மானத்தைக் காப்பதாகச் சொன்ன ஒழுக்கவாதம் மிதித்துப் போனது இரண்டு பெண்களைத்தான்.

கோடு எங்கே என்பதை 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆம் பிரிவு ஓரளவு காட்டுகிறது. பாலியல் வன்கொடுமையில் தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்க முடியாது. மனைவியைக் கொடுமைப்படுத்தித் தண்டனை பெற்றவரும் நிற்க முடியாது. தீண்டாமையைக் கடைப்பிடித்துத் தண்டனை பெற்றவரும் அப்படியே. பட்டியலில் வன்முறையும் இழிவுபடுத்தலும் இருக்கின்றன. மணம் கடந்த உறவு இல்லை. இதோடு நாம் சேர்க்க வேண்டியது: பதவியைக் காட்டி மிரட்டிப் பெற்ற உறவு, உறவுக்காகச் செலவான அரசுப் பணம், கொடுத்த வேலை, சபையில் சொன்ன பொய். 1963ல் பிரிட்டனின் ஜான் புரொஃப்யூமோ அமைச்சர் பதவியை விட்டது, உறவைப் பற்றி நாடாளுமன்றத்தில் பொய் சொன்னது அம்பலமானதால்.

இந்த அளவுகோலை ஜெகஜீவன் ராமுக்கும் வைக்கலாம். பல ஆண்டுகள் வருமான வரிக் கணக்குக் கொடுக்காமல் விட்டது 1969ல் பெரும் சர்ச்சையானது. நெருக்கடி நிலைத் தீர்மானம் இன்னொன்று. இரண்டுக்கும் அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அவற்றை வைத்து அவரை நிராகரித்தவர்களோடு நாம் வாதாடலாம், சண்டை போட வேண்டியதில்லை. நம் சண்டை அந்தப் படங்களை வைத்து அவரை அளந்தவர்களோடுதான். நம்மிலிருந்து ஒருவர் மேலே வரும்போது அவர் வீட்டுப் படுக்கையறையைத் தேடிப் போகிறவர்களிடம், சிலையைக் கழுவியவர்களின் வீட்டுக் கதவை என்றைக்காவது தட்டினீர்களா என்று கேட்போம்.