பணம் போச்சு, பொருள் வரலை: வி.பி.பி.யில் இருந்து யு.பி.ஐ. வரை

"பணம் கட்டியாச்சு, டிக்கெட் வரலை." இணையத்தில் எதையாவது வாங்கிய எல்லோரும் ஒரு முறையாவது சொல்லியிருக்கக் கூடிய வாக்கியம் இது. வைகுண்ட ஏகாதசி முடிந்து ஸ்ரீரங்கத்தில் இருந்து சென்னைக்குத் திரும்ப வேண்டிய கூட்டத்தை நினைத்துக் கொள்ளுங்கள். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் மூன்று பெர்த் மிச்சம் என்று திரை சொல்கிறது. பெயர், வயது எல்லாம் நிரப்பி, கார்டு நம்பர் கொடுத்து, செல்போனுக்கு வந்த ஆறு எண்ணையும் போட்டாகிவிட்டது. ஒரு சக்கரம் சுற்றுகிறது... சுற்றிக் கொண்டே இருக்கிறது. பிறகு வெள்ளைத் திரை. வங்கியில் இருந்து மட்டும் பணம் எடுத்துவிட்டதாக எஸ்.எம்.எஸ். சரியாக வந்து விடுகிறது!

இந்தக் குழப்பம் கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்தது என்று நினைத்தால் தவறு. முகம் பார்க்காமல் வியாபாரம் செய்யும் இரண்டு பேரில் யார் முதலில் கையை நீட்டுவது என்பதுதான் அடிப்படைக் கேள்வி. பணத்தை முதலில் அனுப்பினால் வாங்குபவருக்கு பயம், பொருளை முதலில் அனுப்பினால் விற்பவருக்கு பயம். பர்மா, மலாயா, இலங்கை என்று கடை போட்ட நகரத்தார் இதற்கு உண்டியலை வைத்திருந்தார்கள். ஓர் ஊரில் பணத்தைக் கட்டி ஓலையோ தாளோ வாங்கிக் கொண்டால் இன்னொரு ஊரில் காட்டிப் பணம் பெறலாம். காட்டிய உடனே பணம் தர வேண்டியதற்கு தர்சன உண்டியல் என்று பெயர். (ஸ்ரீரங்கத்துக்காரர்களிடம் தர்சனம், உண்டியல் என்ற இரண்டு வார்த்தைகளையும் சேர்த்துச் சொன்னால் வேறு அர்த்தம்தான் வரும்!) ஆனால் அது வணிகர்களுக்குள் இருந்த நம்பிக்கை. சாதாரண ஆளுக்கு வழி செய்தது தபால் இலாகா.

1877-ல் இந்தியத் தபால் துறை வி.பி.பி. என்னும் வேல்யூ பேயபிள் முறையைக் கொண்டு வந்தது. 1880-ல் மணியார்டரும் தபால் நிலையங்களின் வேலையானது. இரண்டும் சேர்ந்தால்தான் இதன் அழகு புரியும். கடைக்காரர் பார்சலைத் தபால் நிலையத்தில் கொடுத்து, இவ்வளவு ரூபாய் வசூலிக்க வேண்டும் என்று எழுதித் தருவார். தபால்காரர் வீட்டுக்கு வந்து பணத்தை வாங்கிக் கொண்டுதான் பார்சலைக் கையில் கொடுப்பார். அந்தப் பணம் மணியார்டராகக் கடைக்காரருக்குப் போய்ச் சேரும். புத்தகம், லேகியம், விதை, கைக்கடிகாரம் என்று பத்திரிகை விளம்பரங்களில் "வி.பி.பி.யில் அனுப்பப்படும்" என்ற வரி பல தலைமுறைகளுக்குப் பழக்கம். பிரித்துப் பார்த்தால் உள்ளே செங்கல் இருந்த கதைகளும் உண்டு. ஆனால் "பணம் எங்கே போனது?" என்று யாரும் குழம்பியதில்லை. காரணம் எளிது. நடுவில் இருந்தது ஒரே ஒரு இலாகா. ரசீதை எடுத்துக் கொண்டு திருச்சி தலைமைத் தபால் நிலையத்துக்கு நடந்தால் கேட்க ஒரு ஜன்னல் இருந்தது.

இணையக் கடையில் இல்லாமல் போனது அந்த ஜன்னல்தான்.

இந்தியாவில் இணைய வங்கிச் சேவை 1990-களின் பிற்பகுதியில் தலைகாட்டியது. 1999-ல் பெங்களூரில் ஃபேப்மார்ட் என்ற இணையக் கடை தொடங்கியது. 2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்து மின்னணு ஆவணங்களுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. ஆனாலும் திருச்சி போன்ற ஊர்களில் சாதாரண மக்களை முதன்முதலாக இணையத்தில் பணம் கட்ட வைத்தது புத்தகமோ சிடியோ அல்ல, ரயில் டிக்கெட்தான் என்று சொல்லலாம். 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்க ஆரம்பித்தது. அப்போது பணம் மட்டும்தான் இணையத்தில் போகும், டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும்! நாமே பிரிண்ட் எடுத்துக் கொள்ளும் இ-டிக்கெட் 2005-ல்தான் வந்தது.

சரி, பொத்தானை அமுக்கியதும் என்னதான் நடக்கிறது? கடையின் தளம் வாங்குபவரை ஒரு பேமென்ட் கேட்வேயிடம் தள்ளிவிடுகிறது. கேட்வே கடைக்காரரின் வங்கியிடம் சொல்கிறது. அது விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற ஒரு வலையமைப்பு வழியாக வாங்குபவரின் வங்கியைக் கேட்கிறது. அந்த வங்கி ஓடிபி அனுப்ப செல்போன் கம்பெனியை நம்புகிறது. பிறகு "சரி" என்ற பதில் வந்த வழியே ஒவ்வொரு கையாகத் திரும்ப வேண்டும். போகும் வழியில் அறுந்தால் பிரச்சினை இல்லை, பணம் எடுக்கப்பட்டிருக்காது. வாங்குபவரின் வங்கி பணத்தை எடுத்த பிறகு, திரும்பும் வழியில் அறுந்தால்தான் வம்பு. வங்கிக் கணக்கில் பற்று விழுந்தாகிவிட்டது, கடையின் கணக்கில் ஆர்டர் இல்லை. ரயில் டிக்கெட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பணம் கட்டும் அந்த இரண்டு நிமிடத்துக்கு பெர்த்தை யாரும் பிடித்து வைப்பதில்லை. பணம் வந்து சேர்ந்த பிறகே இடம் ஒதுக்கப்படும். அதற்குள் உறையூரில் இருந்து ஒருவரும் தாம்பரத்தில் இருந்து ஒருவரும் முந்திக் கொள்ளலாம்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புதிதே அல்ல. பதினொன்றாம் வகுப்பில் எல்லோரையும் படுத்திய வங்கிச் சரிகட்டும் பட்டியல் நினைவிருக்கிறதா? ரொக்க ஏட்டில் ஒரு தொகை, வங்கி அறிக்கையில் வேறு தொகை. இரண்டுமே பொய் இல்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் இன்னும் எழுதவில்லை, அவ்வளவுதான். காசோலைக் காலத்தில் இந்த வித்தியாசத்தை மாதக் கடைசியில் கணக்கர் உட்கார்ந்து சரிகட்டுவார். இணையக் கடையிலும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர், அல்லது ஒரு நிரல், அதே வேலையைத்தான் செய்கிறது. வித்தியாசம் என்னவென்றால், முன்பு அந்த இடைவெளி முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்குள் இருந்தது. இப்போது அது மாதச் செலவுக்கு வைத்திருந்த எண்ணூறு ரூபாயாக வாங்குபவரின் பையில் இருந்து போகிறது. அந்த ஒரு வாரத்துக்கு மெஸ் பில் யார் கட்டுவது?

2009-ல் ரிசர்வ் வங்கி ஒரு முக்கியமான முடிவு எடுத்தது. கார்டை நேரில் காட்டாமல் செய்யும் இணையப் பரிவர்த்தனைகளுக்கு, கார்டின் மேல் அச்சாகாத இன்னொரு ரகசியத்தையும் கேட்க வேண்டும் என்று பிப்ரவரியில் சுற்றறிக்கை அனுப்பியது. அது ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமானது. திருட்டுக் கார்டு மோசடிக்கு இது நல்ல தடை. உலகின் பல நாடுகள் விருப்பம்போல விட்டிருந்ததை இந்தியா கட்டாயம் ஆக்கியது. ஆனால் பணம் கட்டும் வழியில் ஒரு திருப்பம் கூடிவிட்டது. கடையின் பக்கத்தில் இருந்து முன்பின் தெரியாத முகவரியில் உள்ள வங்கிப் பக்கத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். பாப்-அப் தடுப்பு, மெதுவான பிராட்பேண்ட், தாமதமான எஸ்.எம்.எஸ். என்று எது வேண்டுமானாலும் அங்கே காலை வாரலாம்.

இதற்காகப் பயன்பட்ட த்ரீ-டி செக்யூர் முறையை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஸ்டீவன் மர்டாக்கும் ராஸ் ஆண்டர்சனும் 2010-ல் ஒரு கட்டுரையில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கடையின் பக்கத்துக்கு உள்ளேயே ஒரு சட்டமாக இது திறப்பதால், ரகசியத்தைக் கேட்பது உண்மையில் வங்கிதானா என்று வாங்குபவரால் சோதிக்க முடியாது என்பது ஒரு குற்றச்சாட்டு. இரண்டாவது இன்னும் முக்கியமானது. "சரியான ரகசியம் கொடுக்கப்பட்டது, ஆகவே நீங்கள்தான் பொறுப்பு" என்று நஷ்டத்தை வாடிக்கையாளர் தலையில் கட்ட இது வழி செய்கிறது என்றார்கள். தொழில்நுட்ப ரீதியில் மோசமாக இருந்தும் இந்த முறை பரவியதற்குக் காரணம், நஷ்டத்தை யார் ஏற்பது என்ற கணக்கு கடைகளுக்குச் சாதகமாக அமைந்ததுதான் என்பது அவர்கள் வாதம். பொருளாதாரம் படிப்பவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டிய கட்டுரை.

இங்கே ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த எழுத்தாளர் சுஜாதா, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் (திருவெறும்பூர் பெல் இல்லை, அது வேறு) வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அந்த இயந்திரத்தில் பட்டனை அமுக்கினால் நீளமாக "பீப்" என்று ஒரு சத்தம் வரும். ஓட்டு விழுந்துவிட்டது என்று அறைக்கே தெரியும். சந்தேகப்பட்டு பத்துமுறை அமுக்கினாலும் ஒரே ஓட்டுதான். தேர்தல் அலுவலர் தன் பக்கத்துப் பட்டனை அழுத்தும் வரை அடுத்த ஓட்டு விழாது. இணையக் கடைகளுக்கு வேண்டியதும் இதே இரண்டும்தான். முடிந்தால் முடிந்தது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், இரண்டு முறை அமுக்கினாலும் ஒரு முறை மட்டுமே பணம் எடுக்க வேண்டும். "பேக் பட்டனை அமுக்காதீர்கள், ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள்" என்று சிவப்பு எழுத்தில் கெஞ்சும் தளங்கள் இந்த இரண்டாவது வேலையைத் தாங்கள் செய்யாமல் வாங்குபவரிடம் ஒப்படைத்தவை. படிப்பறிவே இல்லாத கோடிக்கணக்கான பேர் தடுமாறாமல் பயன்படுத்தும் இயந்திரத்தைச் செய்ய முடிந்த நாட்டில் இது கொஞ்சம் அதிகம்தான்.

மக்கள் என்ன செய்தார்கள்? நம்பாமல் ஒதுங்கினார்கள். 2007-ல் புத்தகக் கடையாகத் தொடங்கிய ஃப்ளிப்கார்ட் 2010-ல் கேஷ் ஆன் டெலிவரி கொண்டு வந்தது. வீட்டு வாசலில் பொருளைக் கையில் வாங்கிக் கொண்டு காசு கொடுக்கலாம். இந்திய இணைய வணிகத்தின் பெரிய கண்டுபிடிப்பு என்று அப்போது பேசப்பட்டது. வி.பி.பி. வந்து 133 வருடங்கள் கழித்து! இதற்குக் கடைகள் கொடுத்த விலையும் பெரிது. வாசல்வரை போன பார்சல் "வேண்டாம்" என்ற ஒரு வார்த்தையில் திரும்பி வரும், போகவர கூரியர் செலவு கடையுடையது. மணியார்டர் சேவை 2015-ல் பழைய வடிவில் முடிவுக்கு வந்தபோதும் அதன் தம்பி கூரியர் பையில் உயிரோடுதான் இருந்தது.

ரயில்வே பக்கம் 2014 ஏப்ரலில் புதிய முன்பதிவு அமைப்பு வந்தது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்ற திறன் 7,200 ஆனது. நெரிசல் குறைந்தது, ஆனால் அறுந்த பரிவர்த்தனை யார் பொறுப்பு என்பது வேகத்தால் தீரும் விஷயம் இல்லையே.

அதற்கு விதி வர இன்னும் சில வருடங்கள் ஆயின. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாத மூன்றாம் தரப்பு மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லை என்றது. அவர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமையும் வங்கி மேல் வைக்கப்பட்டது. கேம்பிரிட்ஜ்காரர்கள் எழுப்பிய இரண்டாவது குற்றச்சாட்டுக்கு இது ஏறக்குறைய நேரடிப் பதில். அடுத்தது 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கை. இணையக் கடையில் பணம் எடுக்கப்பட்டு கடைக்கு உறுதிச் செய்தி போகவில்லை என்றால், பரிவர்த்தனை நாளில் இருந்து ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. கடைக்கு யு.பி.ஐ.யில் கட்டியதற்கும் இதே ஐந்து நாள். தனிநபருக்கு அனுப்பி அவர் கணக்கில் சேராமல் போனால் ஒரே நாள்தான். இங்கே நாள் என்பது நாட்காட்டி நாள், ஞாயிறும் பொங்கலும் கணக்கில் சேரும். புகார் கொடுக்கும் வரை காத்திராமல் இழப்பீட்டைத் தாமாகவே வரவு வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது என்பதுதான் வருத்தம்.

2016-ல் வந்த யு.பி.ஐ., கார்டு நம்பரையும் பக்கம் தாவுவதையும் நீக்கிவிட்டது. காந்தி மார்க்கெட்டில் கீரைக் கட்டு விற்பவரிடமும் ஒரு கட்டத்தில் க்யூஆர் அட்டை வந்தது. கூடவே பணம் சேர்ந்ததைச் சத்தமாகச் சொல்லும் பேசும் பெட்டியும் வந்தது. சுஜாதாவின் "பீப்" கடைசியில் பணத்துக்கும் வந்து சேர்ந்தது! ஆனால் வீட்டில் இருந்து இணையக் கடையில் வாங்குபவருக்குப் பெட்டி எதுவும் இல்லை. அவருக்குக் கிடைப்பது "நிலுவையில்" என்ற மஞ்சள் எழுத்து. நிலுவை என்றால் தோல்வி இல்லை. வங்கிகள் இன்னும் சரிகட்டிக் கொண்டிருக்கின்றன என்று பொருள். அந்த நேரத்தில் மறுபடி பணம் கட்டினால் சில சமயம் இரண்டு ஆர்டராகிவிடும். முதலில் கடையின் ஆர்டர் பட்டியலையும் வங்கி அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பற்று விழுந்து ஆர்டர் இல்லை என்றால், யு.பி.ஐ. செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் கிடைக்கும் 12 இலக்க எண்ணைக் குறித்துக் கொள்ள வேண்டும். கடை, வங்கி, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் என்று யாரிடம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். அன்றைய வி.பி.பி. ரசீதின் இடத்தில் இன்று இருப்பது அந்த எண்.