பெரட்டும் பால் மரமும்

மலாயாவின் ஜொகூர் தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்ட பெரட்டை வெள்ளைத் துரையின் கெடுபிடி என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. மிளகும் காம்பியரும் பயிரிட்ட சீனர்களின் கங்சூ (ஆற்றுத் தலைவர்) முறை அங்கே 1917இல் ஒழிக்கப்பட்டது. அதற்குள்ளாகவே, 1909இல் ஜொகூர் பாரு வரை வந்துவிட்ட ரயில் பாதையை ஒட்டி ரப்பர் பரவியிருந்தது. கங்காணிகள் கூட்டிவந்த தமிழர்கள் அந்தத் தோட்டங்களில் பால் வெட்டினார்கள். அவர்களை இருட்டில் எழுப்பியதில் துரைக்கு மட்டுமல்ல, மரத்துக்கும் பங்கு உண்டு.

பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் உயிருள்ள செல்களால் ஆனவை. அவற்றின் சவ்விலுள்ள ஏடிபியேஸ் என்னும் நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை உடைத்துக் கிடைக்கும் ஆற்றலால் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. அவை திரும்ப நுழையும்போது சர்க்கரையையும் கூட்டிவருகின்றன. ரப்பருக்கு மூலப்பொருள் அந்தச் சர்க்கரைதான். சர்க்கரை சேரும் இடத்துக்குத் தண்ணீரும் வரும். இரவில் இலைகள் நீரை அதிகம் இழப்பதில்லை. ஆகவே விடியற்காலையில் குழாயின் அழுத்தம் 10 முதல் 15 வளிமண்டல அளவை எட்டும். கார் டயரில் இருப்பதைப்போல் பல மடங்கு இது. கத்தி பட்டதும் பால் பாய்ந்து மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டுவது இதனால்தான். வெயில் ஏறினால் அழுத்தம் தணிந்து பாலும் குறையும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டியதற்கும் மரமே காரணம்: போன பால் மறுபடி ஊற அவகாசம் வேண்டும். சிங்கப்பூரில் தாவரவியலாளர் ரிட்லி வெட்டும் முறையை வகுத்தது 1890களில்; இவ்வகை நொதி ஒன்றை நண்டின் நரம்பில் டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோ கண்டறிந்ததோ 1957இல். விளக்கத்துக்கு முன்பே பழக்கம் வந்துவிட்டது.

நிர்வாகம் தன் வசதிக்கு வைத்த நேரத்துக்கு இப்போது அறிவியலைச் சாட்சிக்கு அழைப்பதா என்று கேட்கலாம். மூவார், பத்து பகாட் பக்கம் சொந்த நிலத்தில் வெட்டிய சிறுதோட்டக்காரர்களுக்குத் துரையும் இல்லை, பெரட்டும் இல்லை. அவர்களும் காலையில்தான் வெட்டினார்கள். அப்படியானால் தோட்டத் துயரம் இயற்கையின் விதியா? இல்லை. மரம் வகுத்தது நேரத்தை மட்டுமே. கூலியையும் லயத்து அறையையும் கங்காணிக் கடனையும் வகுத்தவர்கள் மனிதர்கள். 1960களின் பிற்பகுதியில் எத்திபான் என்னும் மருந்தைப் பட்டையில் பூசிப் பார்த்தபோது இந்த வேறுபாடு இன்னும் துலங்கியது. அதிலிருந்து பிறக்கும் எத்திலீன் பால் ஓட்டத்தை நீட்டித்தது. அளவு மீறினால் பட்டை வறண்டது. ஆகவே மரத்தின் ஓய்வைக் கணக்குப் பார்த்தே வெட்டு நாள் குறித்தார்கள். இன்று வெட்டிய மரத்துக்கு நாளை ஓய்வு. வெட்டியவர் நாளை அடுத்த நிரைக்குப் போனார்.